கேள்வி-பதில்: கோட்டையா, முகாமா?

எம்.ஏ. வரலாறு கடைசி வருடம் படிக்கிறேன். அரசியல் வன்முறை, புலம்பெயர்வு, மக்கள் நினைவு பற்றி பிஎச்.டி. செய்து பேராசிரியராக விருப்பம். வேலூரிலிருந்தே தொடங்க முடியுமா?
- வாசகி, குடியாத்தம்

தாராளமாக முடியும். 1806 ஜூலை 10 விடியுமுன் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த கோட்டை உங்கள் பக்கத்தில்தான். கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் சிறையிருந்து 1832இல் இறந்ததும் வேலூரில்தான். மேல்மொணவூரில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே ஆய்வில் அடைக்க வேண்டாம், ஒன்றை எடுங்கள்.

1806 என்றால் எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு ஆய்வு வழிகாட்டியின் கடிதத்தோடு போங்கள். கிளர்ச்சிக்குக் காரணமான புதுத் தலைப்பாகை, நெற்றிக்குறித் தடை எல்லாம் பாடப்புத்தகத்திலேயே உண்டு. நீங்கள் பார்க்க வேண்டியது விசாரணை வாக்குமூலங்கள். தோற்றபின், அதிகாரி முன்னால் சொல்லி, ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை அவை. கேட்டது யார், மொழிபெயர்த்தது யார், சொன்னவருக்கு என்ன பயம் என்று ஒவ்வொன்றின் ஓரத்திலும் குறித்துவையுங்கள்.

முகாம் என்றால் முதலில் மறுவாழ்வுத் துறையின் அனுமதி. ரெக்கார்டரை மின்விசிறிக்கு அடியில் வைக்காதீர்கள், இரைச்சல் பேச்சை விழுங்கிவிடும். அன்றே இரண்டு இடங்களில் பிரதி எடுங்கள். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க ஆறு மணி நேரமாவது ஆகும். எடுத்தவுடன் “அன்றைக்கு என்ன நடந்தது?” என்று கேட்டால் பலமுறை சொல்லிப் பழகிய நாலு வரிதான் வரும். ஊரில் கிணறு எந்தப் பக்கம், கிளம்பும்போது அடுப்பில் என்ன இருந்தது என்று தொடங்குங்கள்.

“எண்பத்து மூன்றில் வந்தோம்” என்பார் ஒருவர். பொறுமையாகக் கேட்டால், 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் திரும்பிப் போய், 1990இல் மறுபடி படகேறியது தெரியவரலாம். இரண்டு பயணமும் நினைவில் ஒன்றாகியிருக்கும். திருத்தாதீர்கள். முகாம் பதிவுத் தேதியைத் தனியே எழுதி, பேச்சை அப்படியே வையுங்கள். ஏன் ஒன்றாயிற்று என்பதுதான் ஆய்வு. பலரும் இதைப் பிழையென்று வெட்டிவிடுகிறார்கள். பெரிய நஷ்டம் அது.

பேசியவர் யாரென்று மறைக்கப் பெயரை மாற்றினால் மட்டும் போதாது. சொந்த ஊர், படகேறிய துறை, பிள்ளைகள் எண்ணிக்கை மூன்றும் சேர்ந்தால் முகாமில் யாரென்று தெரிந்துவிடும்.

பிஎச்.டி.க்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6. உதவிப் பேராசிரியர் தகுதிக்கான நெட் தேர்வு எழுத முதுகலையில் 55 சதவீதம் வேண்டும்; இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50. ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் கையைக் கடிக்காது.

பேட்டியின் நடுவே பேசுபவர் அழுதுவிட்டால் என்ன செய்வது?
- வாசகர், ஆற்காடு

அடுத்த கேள்விக்குத் தாவாதீர்கள். “நிறுத்தட்டுமா அம்மா?” என்று கேளுங்கள், முடிவு அவருடையது. நிறுத்தச் சொன்னால் பதிவை மட்டும் நிறுத்திவிட்டு உட்கார்ந்திருங்கள். மறுநாள் போய் நலம் விசாரியுங்கள், ரெக்கார்டர் இல்லாமல்.