முதல் இலையுதிர் காலமா? தோட்டத்துக்கு இறங்குங்கள் தம்பி

தம்பி, நீங்கள் எழுதியதை நிதானமாகப் படித்தேன். குளிர்நாட்டுக்கு வந்து இதுதான் முதல் இலையுதிர் காலம், வாடகை வீட்டுக்குப் பின்னால் ஒரு தோட்டம் இருக்கிறது, மரங்கள் ஒவ்வொன்றாக மொட்டையாவதைப் பார்க்கப் பார்க்க மனசு பாரமாகிறது, வேலை முடிந்து வந்தால் எதிலும் கை ஓடவில்லை, ஆனால் அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள் எல்லாம் இந்தப் பருவத்துக்காகவே காத்திருந்தவர்கள் மாதிரி சந்தோஷமாக இருக்கிறார்களே, அது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். தோட்டத்தில் இப்போது செய்ய ஏதாவது இருக்கிறதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இருக்கிறது, நிறையவே இருக்கிறது. நான் இங்கே வந்து வெகுகாலம் ஆகிவிட்டது, எனக்குப் பிடித்த பருவம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். நாளைக்குப் பகல் வெளிச்சத்தில் தோட்டத்துக்குப் போய், இலை கொட்டிக்கொண்டிருக்கும் ஒரு மரத்தின் தாழ்ந்த கிளையைப் பிடித்து உற்றுப் பாருங்கள். இலைக்காம்பு விட்டுப்போன இடத்தில் சின்னதாக ஒரு தழும்பு இருக்கும். அதற்குச் சற்று மேலே செதில் மூடிய ஒரு மொட்டு இருக்கும். அடுத்த வசந்தத்தில் விரியப்போகும் இலையோ பூவோ அதற்குள்தான் இருக்கிறது. இலை விழுந்த பிறகு வந்த மொட்டு இல்லை அது, கோடையிலேயே மரம் செய்து வைத்துவிட்டது. தண்ணீர் இல்லாமல் காய்ந்து விழும் இலையைப் பார்த்து வளர்ந்த நமக்கு, இலை கொட்டினால் மரத்துக்கு ஏதோ கேடு என்றுதான் தோன்றும். இங்கே நடப்பது வேறு. பகல் குறைவதையும் இரவு குளிர்வதையும் வைத்து மரம் காலத்தைக் கணக்கிட்டு, இலையில் இருக்கும் நைட்ரஜன் போன்ற சத்துகளில் பெரும்பகுதியை உள்ளே இழுத்துக்கொண்டு, காம்படியில் ஒரு மெல்லிய செல் அடுக்கை உண்டாக்கி, தானே இலையைக் கழற்றி விடுகிறது. தெருவிளக்குக்குப் பக்கத்தில் நிற்கும் மரம் சில சமயம் மற்ற மரங்களை விட அதிக நாள் இலையோடு நிற்பதைக் கவனித்துப் பாருங்கள், அந்த வெளிச்சத்தை அது பகல் என்று எடுத்துக்கொள்கிறது.

நிறம் மாறுவதும் இதே கணக்கில் வருவதுதான். பச்சையம் சிதைந்து போகும்போது, கோடை முழுக்க அதற்குப் பின்னால் மறைந்திருந்த கரோட்டினாய்டு என்கிற நிறமிகளின் மஞ்சள் வெளியே தெரிகிறது. சிவப்பு அப்படியில்லை, ஆந்தோசயனின் என்கிற அந்த நிறமியை மரம் இந்தப் பருவத்தில்தான் புதிதாகச் செய்கிறது. பகலில் நல்ல வெயிலும் இரவில் உறையாத அளவுக்குக் குளிரும் தொடர்ந்து இருந்தால் மேப்பிள் மரங்களின் சிவப்பு அந்த வருஷம் கண்ணைப் பறிக்கும், மப்பும் மழையுமாகப் போனால் மங்கலாக இருக்கும். அதனால்தான் இங்கே ஜனங்கள் இந்த வருஷம் நிறம் எப்படி என்று பேசிக்கொள்கிறார்கள். நீங்களும் ஒரே ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து, வேலைக்குப் போகிற வழியில் இருந்தால் இன்னும் நல்லது, தினமும் பார்த்துக்கொண்டே வாருங்கள். கூட்டமாகப் பார்த்தால் தெரியாதது ஒரே மரத்தில் தெரியும், உச்சியில் தொடங்கி நிறம் எப்படி இறங்குகிறது என்பது உட்பட.

சரி, அந்த மனச்சோர்வு. அதை லேசாக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம், உங்களிடம் ஏதோ குறை என்று நினைக்கவும் வேண்டாம். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் வருஷம் முழுக்கப் பகல் நீளம் பெரிதாக மாறாது. 50 டிகிரி வட அட்சரேகையிலோ செப்டம்பர் 22, 23 வாக்கில் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 4 நிமிடப் பகல் கழிகிறது, ஒரு வாரத்தில் 25 நிமிடத்துக்கு மேல். அது போதாதென்று கடிகாரத்தை வேறு ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள், ஐரோப்பாவின் பெரும்பகுதியில் அக்டோபர் கடைசி ஞாயிறு, அமெரிக்கா, கனடாவின் பெரும்பகுதியில் நவம்பர் முதல் ஞாயிறு, அதற்கப்புறம் மாலை என்று ஒன்று இருந்ததா என்றே சந்தேகம் வரும். 1984இல் நார்மன் ரோசன்தால் என்ற மனநல மருத்துவரும் அவருடைய சகாக்களும்தான் பருவத்தோடு வரும் இந்தச் சோர்வை மருத்துவ உலகுக்கு விவரித்து எழுதினார்கள். அவரும் நம்மைப்போல் புலம்பெயர்ந்தவர்தான். வெயில் மிகுந்த தென்னாப்பிரிக்காவிலிருந்து நியூயார்க்குக்கு வந்தவர், குளிர்காலம் வந்தால் தன் உற்சாகமே இறங்கிவிடுவதைத் தன் உடம்பிலேயே கண்டுகொண்டவர். அதனால் வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை தம்பி.

வெளிச்சம்தான் இதற்கு முதல் மருந்து. விளக்குப் போட்ட அறைக்குள் சாதாரணமாக 100 முதல் 500 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் இருக்கும். வெளியே மேகம் மூடிக் கிடக்கும் பகலில்கூட அது ஆயிரத்தைத் தாண்டும், பல நாள் அதற்கு எத்தனையோ மடங்கு. வானம் சாம்பல் நிறத்தில் இருக்கிறதே, வெளியே போய் என்ன ஆகப்போகிறது என்று நினைத்து உள்ளேயே இருந்துவிடுவதுதான் நம்மவர்கள் பலர் செய்வது, அதில்தான் சோர்வு கூடுகிறது. காலையில் முடிந்தால் அரைமணி நேரம், இல்லாவிட்டால் மதிய இடைவேளையில், கட்டாயம் வெளியே இருங்கள். நம்முடைய தோல் நிறத்துக்கு வைட்டமின் டி உண்டாக அதிக வெயில் வேண்டும், இந்த அட்சரேகைகளில் இனி வசந்தம் வரை வெயிலில் அந்தப் பலம் இருக்காது, ஆகவே மருத்துவரிடம் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் பாரம் இறங்கவில்லை, தூக்கமும் பசியும் கெடுகிறது என்றால் தோட்டத்தை நம்பிக் காத்திருக்காமல் அவரிடம் நேராகச் சொல்லிவிடுங்கள்.

வெறுமனே வெளியே நில் என்று சொன்னால் யாரும் நிற்க மாட்டோம், கையில் ஒரு வேலை வேண்டும். அதற்காகத்தான் தோட்டம்.

எனக்கு மிகவும் பிடித்த வேலை பூக்கிழங்கு நடுவது. டியூலிப், டாஃபோடில், குரோக்கஸ் எல்லாமே இப்போதுதான் மண்ணுக்குள் போக வேண்டும், ஏனென்றால் அவை பூக்க வேண்டுமானால் 12 முதல் 16 வாரம் குளிர் பட்டாக வேண்டும். நாம் தாங்க முடியாமல் தவிக்கும் அதே குளிர் அவற்றுக்குத் தேவை, இதைத் தெரிந்துகொண்ட பிறகு குளிர்காலத்தின் மேல் எனக்கிருந்த கோபம் பாதி போய்விட்டது. கிழங்கின் உயரத்தைப் போல் இரண்டு மூன்று மடங்கு ஆழத்தில், கூர்முனை மேலே பார்க்க, நீர் தேங்காத இடத்தில் வையுங்கள். தரை உறைவதற்கு முன்னால் முடித்துவிட வேண்டும், அவ்வளவுதான். அணில் தொல்லை இருந்தால் டாஃபோடிலை அதிகமாக நடுங்கள், அதில் நஞ்சு இருப்பதால் அணில் தொடாது. டியூலிப்பையும் குரோக்கஸையும் தோண்டி எடுத்துத் தின்றுவிடும், அந்த இடத்தில் கம்பி வலையைப் பரப்பி மண்ணைப் போட்டு வைத்தால் தப்பும். பூண்டுப் பற்களையும் இப்போதே ஊன்றலாம், அடுத்த கோடையில் முழுப் பூண்டாக வரும். வாடகை வீடு என்பதால் தரையைத் தோண்டுவதற்கு முன் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அவர் தயங்கினால் கவலை வேண்டாம், பெரிய தொட்டியில் நட்டு வீட்டுச் சுவரை ஒட்டி வைத்தாலும் பூக்கும்.

கொட்டிய இலையைப் பற்றி. புல்தரையின் மேல் கனமாகப் படிந்து கிடந்தால் ஈரம் கோத்துப் புல் அழுகும், அதனால் அங்கிருந்து எடுக்கத்தான் வேண்டும். ஆனால் மூட்டை கட்டி வெளியே வைத்துவிடாதீர்கள், அது பொன் மாதிரியான பொருள். லேசாகக் கிடந்தால் புல்வெட்டும் இயந்திரத்தை அதன்மேலேயே ஓட்டினால் தூளாகி மண்ணோடு போய்விடும். மீதியை வாரிச் செடிகளின் அடியில் மூடாக்காகப் போடுங்கள், இன்னும் மிஞ்சினால் ஒரு மூலையில் கம்பி வலைக்குள் குவித்து ஈரமாக வைத்திருங்கள், ஓரிரு வருஷத்தில் கறுத்து உதிரும் இலைமக்கு உரம் கிடைக்கும். அந்த இலைகளுக்கு அடியில்தான் எத்தனையோ அந்துப்பூச்சிகளின் கூட்டுப்புழுக்கள் குளிரைக் கழிக்கின்றன. சூரியகாந்தி போன்ற காய்ந்த பூத்தலைகளையும் வெட்டாமல் விடுங்கள், விதை தின்ன வரும் சின்னக் குருவிகளைச் ஜன்னலிலிருந்தே பார்க்கலாம். தோட்டத்தைத் துடைத்து வைத்த மாதிரி சுத்தமாக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கத்தரிக்கோலையும் கொஞ்சம் அடக்கி வையுங்கள். லைலாக், ரோடோடென்ட்ரான் போல வசந்தத்தில் பூக்கும் புதர்களை இப்போது வெட்டினால், அந்த மொட்டுகளைச் சொன்னேனே, அவற்றையும் சேர்த்து வெட்டிவிடுவீர்கள், அடுத்த வருஷம் பூ இருக்காது. பூத்து முடிந்த கையோடு வெட்டுவதுதான் முறை.

தொட்டியில் மல்லிகை, கறிவேப்பிலை மாதிரி வெப்பநாட்டுச் செடி ஏதாவது வைத்திருந்தால் அதுதான் அவசரம். இரவு வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே இறங்கும் முன்னால் உள்ளே கொண்டுவந்துவிடுங்கள். அதற்கு முன் இலையின் அடிப்பக்கத்தைப் பார்த்து, தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவி, செதில்பூச்சியும் சிலந்திப்பேனும் கூடவே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். தெற்குப் பார்த்த ஜன்னல் இருந்தால் அங்கே வையுங்கள். உள்ளே வந்ததும் இலை உதிர்க்கும், பயந்து தண்ணீரை ஊற்றாதீர்கள், குறைந்த வெளிச்சத்தில் செடி குறைவாகத்தான் குடிக்கும். உறைபனியைப் பொறுத்தவரை, மேகமும் காற்றும் இல்லாத தெளிந்த இரவுகளைத்தான் நம்பக் கூடாது. வானிலை அறிக்கை 2, 3 டிகிரி என்று சொன்னாலும் தரையில் உறைந்துவிடும். வெளியே காய்த்து நிற்கும் செடி இருந்தால் பழைய போர்வையைத் தரை வரை தொங்கும்படி மூடிவிட்டுக் காலையில் எடுங்கள்.

வீட்டு வேலைகளில் ஒன்றை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். வெளிக்குழாயிலிருந்து ரப்பர் பைப்பைக் கழற்றி, உள்ளே இருக்கும் வால்வை மூடி, குழாயில் தங்கிய தண்ணீரை வடித்துவிடுங்கள். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும், குழாய் வெடித்தால் சுவரும் நனையும். கூரை ஓரத்தில் மழைநீர் ஓடும் பீலியில் இலை அடைத்திருந்தால் வீட்டுக்காரரிடம் சொல்லி எடுக்க வையுங்கள். கடிகாரத்தை மாற்றுகிற அன்றே புகை எச்சரிக்கைக் கருவியையும் கார்பன் மோனாக்சைடு கருவியையும் அழுத்திச் சோதித்துவிட்டால் மறக்காது.

மாலை விஷயத்துக்கு வருகிறேன், நீங்கள் அதிகம் பயப்படுவது அதற்குத்தானே. இருட்டியதும் மேலே இருக்கும் ஒரே பெரிய விளக்கைப் போட்டுக்கொண்டு உட்காராதீர்கள். தாழ்வாக இரண்டு மூன்று இடங்களில் மஞ்சள் ஒளி விளக்கு வையுங்கள், நாற்காலியைத் தோட்டம் தெரிகிற ஜன்னல் பக்கம் நகர்த்துங்கள். அக்டோபர் கடைசியில் ஒரு அமரிலிஸ் கிழங்கை வாங்கி, மேல் பாதி வெளியே தெரியும்படி சின்னத் தொட்டியில் ஊன்றி அந்த ஜன்னலிலேயே வைத்தால் பெரும்பாலும் 6 முதல் 8 வாரத்தில், வெளியே பகல் மிகக் குறைவாக இருக்கிற டிசம்பரில், உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பாகப் பூக்கும். தண்டு ஒரு நாளைக்கு எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்பதே அந்த வாரங்களில் ஒரு பெரிய சந்தோஷம், வீட்டில் குழந்தைகள் இருந்தால் அளவுகோலைக் கையில் கொடுத்துவிடுங்கள்.

இந்தச் சனிக்கிழமை எல்லாவற்றையும் செய்ய வேண்டாம். தொட்டிச் செடிகளை உள்ளே கொண்டுவாருங்கள், வெளிக்குழாயைப் பாருங்கள், ஒரு பை டாஃபோடில் நடுங்கள். அப்புறம் உங்கள் தோட்டத்தில் எந்தப் பக்கம் வெயில் படுகிறது, மழை பெய்தால் எங்கே தண்ணீர் நிற்கிறது, அங்கே நிற்பவை என்ன மரங்கள் என்று எழுதுங்கள் தம்பி, எதை எங்கே நடலாம் என்று சொல்கிறேன்.