சீனர்களின் ‘கூட்டு மனம்’ – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சீனர்களுடையது கூட்டு மனம், அதாவது தன்னைவிடக் கூட்டத்தை முன்வைக்கும் மனம், அதற்கு வேர் பண்டைச் சீனத் தத்துவஞானி கன்ஃபூசியஸ் என்று பல இடங்களில் படித்தேன். ஆனால் பொது இடத்தைப் பற்றியும் முன்பின் தெரியாதவர்களைப் பற்றியும் மக்களுக்கு அக்கறையே இல்லை என்று சீனச் சிந்தனையாளர்களே குறைப்பட்டிருக்கிறார்கள். இரண்டும் எப்படிப் பொருந்தும்? பழைய தத்துவம் ஒரு மக்களின் மனத்தை வடிக்க முடியுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

‘கூட்டு மனம்’ என்ற பெயரைக் கைவிட்டாலே பாதி முரண் தீர்ந்துவிடும். சமூகவியலாளர் ஃபெய் சியாவ்தோங் 1947இல் உங்கள் கேள்வியிலிருந்தேதான் தொடங்கினார். சீனாவின் சூஜோ நகரில் வீட்டுக் கொல்லையை ஒட்டி ஓடும் கால்வாயில் எல்லோரும் குப்பை கொட்டுகிறார்களே, ஏன்? அவர் தந்த விளக்கம்: ஒவ்வொருவரும் நீரில் விழுந்த கல். தன்னைச் சுற்றி எழும் அலைவட்டங்களே அவருடைய சமூகம். அருகில் கடமை அடர்த்தி, விலக விலக மெலிவு. கால்வாய் யாருடைய உள்வட்டத்திலும் இல்லை.

இது அன்றாடத்தில் எப்படி இயங்குகிறது என்பதைத் தைவான் உளவியலாளர் ஹுவாங் குவாங்-குவோ 1987இல் வரைந்து காட்டினார். வீட்டாருக்குத் தேவைக்கேற்பக் கொடு. அந்நியரிடம் கணக்குப் பார். சிக்கலெல்லாம் நடுவட்டத்தில்தான்: உறவினர், வகுப்புத் தோழர், அண்டை வீட்டார், உடன் வேலை செய்பவர். இங்கே செல்லுபடியாவது ‘ரென்ச்சிங்’, அதாவது செய்நன்றிக் கடன். இதற்கு நம் மொய் நோட்டுப் போலவே கிராமங்களில் ஏடு உண்டு. வாங்கியதை உடனே, அதே அளவில் திருப்பினால் உறவை முடித்துக்கொள்கிறீர்கள் என்று பொருளாகும். தாமதித்து, சற்றுக் கூட்டிக் கொடுத்தால் உறவு தொடரும். உதவி கேட்டவரிடம் முகத்துக்கு நேரே மறுத்தால் இருவருக்கும் மதிப்புக் குறையும். அதனால் ‘பார்க்கலாம்’ என்று இழுத்தடிப்பார்கள். சீனரிடம் நேர்மையில்லை என்று வெளியாட்கள் தவறாக முடிவு கட்டுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

தத்துவத்துக்கு வருகிறேன். கன்ஃபூசியஸின் வாக்குகளைத் தொகுத்த ‘லுன்யூ’ நூலின் 13ஆம் பகுதியில், ஆட்டைத் திருடிய தந்தைக்கு எதிராகச் சாட்சி சொன்ன மகனை ஒருவர் புகழ்கிறார். எங்கள் ஊரில் தந்தைக்காக மகன் மறைப்பான், மகனுக்காகத் தந்தை மறைப்பார், நேர்மை அதில்தான் இருக்கிறது என்கிறார் கன்ஃபூசியஸ். இதற்கு நேர் எதிராக, எல்லோரிடமும் ஒரே அன்பு வை என்று அவருக்குப் பின் வந்த சிந்தனையாளர் மோசி போதித்தார். அது தந்தையையே இல்லையென்று ஆக்கும் போதனை என்று கன்ஃபூசியஸ் வழிவந்த மென்சியஸ் கடுமையாகத் தாக்கினார். வென்றது மென்சியஸின் தரப்பு. பின்னாளில் அரசுத் தேர்வு எழுதியவர்கள் மனப்பாடம் செய்ததும் அதைத்தான். ஆக, சீனத் தத்துவத்துக்குள் வேறு வழியும் இருந்தது.

ஆனால் நூல் மட்டுமே மனத்தை வடித்தது என்பதை நான் ஏற்கவில்லை. உளவியலாளர் தாமஸ் தால்ஹெல்மும் குழுவினரும் சீனாவில் ஆறு இடங்களில் பெரும்பான்மை இனமான ஹான் மாணவர்கள் 1162 பேரைச் சோதித்து, 2014இல் முடிவை வெளியிட்டார்கள். ரயில், பேருந்து, தண்டவாளம்: எந்த இரண்டு சேரும்? நெல் விளையும் தென்பகுதியினர், ஒன்றுக்கொன்று உள்ள உறவைப் பார்த்து, ரயிலையும் தண்டவாளத்தையும் சேர்ப்பது கூடுதலாக இருந்தது. கோதுமை விளையும் வடபகுதியினரிடம் ரயிலும் பேருந்தும் ஒரே வகை என்ற பார்வை கூடுதல். தவறு செய்த நண்பனைத் தண்டிக்கத் தயங்கியதும் நெல் பகுதியினரே. பாசன நீரைப் பங்கிடவும் நாற்று நடவும் அக்கம்பக்கத்தார் கை வேண்டும், அந்தப் பழக்கம் தங்கிவிட்டது என்பது அவர்கள் வாதம். கன்ஃபூசியஸ் பிறந்த சூஃபூ இருப்பது வடக்கே, கோதுமை விளையும் ஷான்டோங்கில். அவர் வாக்கு ஒன்றே காரணமென்றால் உறவைக் கொண்டு பார்ப்பதில் வடக்கல்லவா முந்தியிருக்க வேண்டும்?

எனவே ‘சீனர்கள் இப்படி’ என்று ஓர் ஆய்வு சொன்னால், யாரைச் சோதித்தார்கள் என்று முதலில் பாருங்கள். தன்னை நினைக்கும்போது இயங்கும் மூளைப் பகுதி, தாயை நினைக்கும்போதும் சீனர்களிடம் இயங்குகிறது என்ற புகழ்பெற்ற 2007 ஆய்வில் இருந்தவர்கள் 13 சீனர்கள், 13 மேற்கத்தியர்கள், அவ்வளவுதான். ஃபெய் சொன்ன உள்வட்டத்தோடு அது அழகாகப் பொருந்துகிறது என்பதாலேயே 140 கோடிப் பேருக்கும் அதை நீட்டிவிடக் கூடாது.