முலாம்பழம், தர்பூசணி: நோய் எதிர்ப்பு எங்கிருந்து வருகிறது? – கேள்வி பதில்

விதை நிறுவனம் ஒன்றில் முலாம், தர்பூசணி ரகங்களை உருவாக்கும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது மகன் குடும்பத்தோடு சிங்கப்பூரின் புக்கிட் பாத்தோக்கில் இருக்கிறேன். நம் தோட்டக் குழுவில் இந்த இரண்டு பழங்களை வளர்ப்பவர்கள் நிறையக் கேள்விகள் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்து, கேள்வியையும் சுருக்கமாகக் கொடுத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

செங்காங் தாழ்வாரத் தோட்டக்காரர்: அண்ணே, சாம்பல் நோய் எதிர்ப்பு உண்டு என்று பாக்கெட்டில் போட்டிருந்ததை நம்பித்தான் ராக்மெலன் (முலாம்) விதை வாங்கினேன். காய் பிடிக்கும் நேரத்தில் இலை முழுக்க வெள்ளைப் பவுடர். ஏமாற்றிவிட்டார்களா?

ஏமாற்றினார்கள் என்று உடனே சொல்லிவிட முடியாது தம்பி. பாக்கெட்டை மறுபடி எடுத்துப் பாருங்கள். எச்ஆர் அல்லது ஐஆர் என்று ஆங்கில எழுத்தில் இருக்கும். எச்ஆர் என்றால் உயர்ந்த எதிர்ப்பு, ஐஆர் என்றால் நடுத்தர எதிர்ப்பு. நடுத்தரம் என்றால் நோய் வரும், ஆனால் எதிர்ப்பே இல்லாத செடியைவிடக் குறைவாக வரும். அதற்குப் பக்கத்தில் பிஎக்ஸ் என்று போட்டு 1, 2, 5 என எண்கள் இருக்கும். பிஎக்ஸ் என்பது சாம்பல் நோய்ப் பூஞ்சையின் பெயர்ச் சுருக்கம். எண்கள் அந்தப் பூஞ்சையின் ரேஸ்கள், அதாவது எந்தெந்தச் செடியைத் தாக்க முடிகிறது என்பதில் வேறுபடும் உட்பிரிவுகள். ரேஸ் 1-ஐத் தடுக்கும் செடியை ரேஸ் 2 சுலபமாகத் தாக்கலாம். உங்கள் தாழ்வாரத்துக்கு வந்த ரேஸ் அந்தப் பட்டியலில் இல்லாததாக இருந்திருக்கலாம்.

இது எவ்வளவு பழைய போராட்டம் என்று தெரிந்தால் உங்கள் வருத்தம் கொஞ்சம் குறையும். கலிபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்கில் 1925-ல் சாம்பல் நோய் முலாம் வயல்களைத் தாக்கியது. இந்தியாவிலிருந்து வந்த முலாம் விதைகளில் ஒன்று அந்த நோய்க்கு அசையவில்லை. அதை உள்ளூர் ரகத்தோடு கலந்து, தேர்ந்தெடுத்து, 1936-ல் பிஎம்ஆர் 45 என்ற ரகத்தை வெளியிட்டார்கள். விவசாயிகள் நிம்மதி அடைந்தார்கள். இரண்டே வருடத்தில், 1938-ல், அந்த ரகத்தையே தாக்கும் புதிய ரேஸ் வந்துவிட்டது. மறுபடி இந்திய விதைகளைத் தேடிப் போய் பிஎம்ஆர் 5, பிஎம்ஆர் 6 என்று ரகங்கள் வந்தன. இன்றைக்கும் அந்த ஓட்டம் நிற்கவில்லை.

காரணம் இதுதான். பல எதிர்ப்பு மரபணுக்கள் ஒரு திருடனின் முகத்தை மட்டும் தெரிந்து வைத்திருக்கும் காவல்காரர் மாதிரி. பூஞ்சையிலிருந்து வரும் குறிப்பிட்ட ஒரு புரதத்தை அடையாளம் கண்டதும், செடி அந்த இடத்துச் செல்களைத் தானே சாகவிட்டு நோயை அங்கேயே நிறுத்திவிடும். அந்தப் புரதம் கொஞ்சம் மாறினால் போதும், அடையாளம் தப்பிவிடும்.

இன்னொன்று. சாம்பல் நோய்க்கு இலை நனைய வேண்டிய அவசியமே இல்லை. மழை படாத, காற்றோட்டம் குறைந்த, அரை நிழலான வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடித் தாழ்வாரம் அதற்கு மிகவும் பிடித்த இடம். எண்கள் அதிகமுள்ள பாக்கெட்டாகப் பார்த்து வாங்குங்கள், கொடிகளை நெருக்கமாக விடாதீர்கள்.

ஈசூன் சமூகத் தோட்ட அக்கா: தர்பூசணிக் கொடி நன்றாகத்தான் இருந்தது. காய் கைப்பிடி அளவு வந்ததும் ஒரு பக்கக் கிளை வாடியது. ஒரு வாரத்தில் முழுச்செடியும் போய்விட்டது. தண்ணீர் குறையவில்லை. போன தடவையும் அதே பாத்தியில் இப்படித்தான்.

அக்கா, அடித்தண்டை நீளவாக்கில் பிளந்து பாருங்கள். உள்ளே நீர் போகும் குழாய்கள் பழுப்பாக இருந்தால், பெரும்பாலும் பியூசேரியம் வாடல் நோய்தான். மண்ணிலேயே பல வருடங்கள் உயிரோடு கிடக்கும் பூஞ்சை இது. வேர் வழியாக ஏறிக் குழாயை அடைத்துவிடும். அதே பாத்தியில் திரும்பத் திரும்ப வருவதும், ஒரு கிளையில் ஆரம்பிப்பதும் இதன் குணம்.

பயிர்களில் நோய் எதிர்ப்புக்காகவே திட்டமிட்டு இனக்கலப்பு செய்த முதல் முயற்சிகளில் ஒன்று இந்த நோய்க்காகத்தான் நடந்தது. அமெரிக்க வேளாண் துறையில் வில்லியம் ஆர்ட்டன் என்ற விஞ்ஞானி, ஈடன் என்ற இனிப்பான தர்பூசணியை சிட்ரான் என்ற இனிப்பில்லாத, கெட்டியான, மாட்டுக்குப் போடும் தர்பூசணியோடு கலந்தார். நோய் நிறைந்த மண்ணிலேயே நட்டு, சாகாமல் நின்றவற்றை மட்டும் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தார். 1911-ல் வந்த கான்கரர் என்ற அந்த ரகம் வியாபாரத்தில் பெரிதாக எடுபடவில்லை, ருசி போதவில்லை. ஆனால் எதிர்ப்பை ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற முடியும் என்பது உறுதியானது. 1954-ல் வந்த சார்ல்ஸ்டன் கிரே, 1963-ல் வந்த கிரிம்சன் ஸ்வீட் இரண்டும் அந்த வழியில் வந்த வெற்றிகள். இனிப்பும் இருந்தது, வாடலையும் ஓரளவு தாங்கின.

இதிலும் ரேஸ் கணக்கு உண்டு: 0, 1, 2, 3. ரேஸ் 2-க்கு எதிர்ப்பு சிட்ரான் இனத்துச் சில விதைகளில் கிடைத்தது. ஆனால் அது பல மரபணுக்கள் சேர்ந்து தரும் எதிர்ப்பு. அதை இனிப்பான பழத்துக்குள் கொண்டுவருவது இன்றும் கடினமான வேலை. நீங்கள் நட்டது ஷுகர் பேபி என்று எழுதியிருந்தீர்கள். சிறிய இடத்துக்கு அருமையான பழம், ஆனால் வாடல் நோயைத் தாங்காது.

உங்கள் பாத்திக்கு என் யோசனை ஒட்டுக்கட்டிய செடி. ஜப்பானில் 1920-களிலேயே தர்பூசணியைச் சுரைக்காய், பூசணி வேரின் மேல் ஒட்டுக்கட்டி இந்த நோயிலிருந்து தப்பித்தார்கள். தர்பூசணியைத் தாக்கும் பியூசேரியம் சுரையைத் தொடாது. அது முடியாவிட்டால் தொட்டியில் புது மண். அந்தப் பாத்தியில் கத்தரியோ வெண்டையோ போடுங்கள்.

தெம்பனீஸ், பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவி: எதிர்ப்பு ஒரு மரபணுவா, பல மரபணுக்களா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் சார்?

எதிர்ப்புள்ள செடியையும் இல்லாததையும் கலந்து, வரும் முதல் தலைமுறையைத் தன்னோடு தானே சேர்த்து, இரண்டாம் தலைமுறையில் நோயை ஏற்றிப் பார்ப்போம். நூற்றுக்கு ஏறக்குறைய 75 செடி தாங்கி 25 விழுந்தால் ஒரே ஓங்கு மரபணு, அதாவது ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் வந்தாலே பலன் காட்டுவது. 25 மட்டும் தாங்கினால் ஒடுங்கு மரபணு, இரு பெற்றோரிடமிருந்தும் வந்தால்தான் பலன் காட்டும். கொஞ்சம் நோய், நடுத்தரம், அதிகம் என்று எல்லா அளவிலும் பரவிக் கிடந்தால் பல மரபணுக்கள். முலாமில் பியூசேரியம் வாடலுக்கு ஃபாம்-1, ஃபாம்-2 என்று இரண்டு தனித்தனி ஓங்கு மரபணுக்கள் உண்டு. முதலாவது ரேஸ் 0, 2-ஐத் தடுக்கும், இரண்டாவது 0, 1-ஐத் தடுக்கும். இரண்டையும் ஒரே செடியில் சேர்த்தால் மூன்று ரேஸும் அடங்கும். ஆனால் இரண்டையும் மீறும் 1.2 என்ற ரேஸும் இருக்கிறது.

முலாமின் மரபணுத் தொகுப்பு 2012-லும் தர்பூசணியுடையது 2013-லும் வெளிவந்த பிறகு இந்த வேலை வேகமாகிவிட்டது. நாற்றில் ஒரு துளி இலையை எடுத்து டிஎன்ஏ அடையாளம் பார்த்தாலே மரபணு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். நோயை ஏற்றிக் காத்திருக்கும் வேலை பாதியாகக் குறைகிறது. பாதிதான். கடைசியில் வயலில் நட்டுத்தான் முடிவு சொல்ல வேண்டும் என்பது என் பிடிவாதமான கருத்து.

தோ பாயோ வாசகர்: காட்டுச் செடியோடு கலந்தால் பழம் கசக்காதா?

கசக்கும். பேய்க்கொம்மட்டியைத் தர்பூசணியோடு கலந்தால் முதல் தலைமுறைப் பழத்தை வாயில் வைக்க முடியாது. தர்பூசணியில் கசப்பு ஓங்கு குணம். அதனால்தான் வரும் செடியை மறுபடி மறுபடி இனிப்பு ரகத்தோடு கலக்கிறோம். முதல் பிற்கலப்பில் சராசரியாக 75 சதவீதம் இனிப்பு ரகத்தின் பங்கு, அடுத்ததில் 87.5, அதற்கடுத்ததில் 93.75 என்று ஏறும். ஒவ்வொரு தடவையும் எதிர்ப்பு தங்கியிருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். எதிர்ப்பு மரபணுவுக்கு ஒட்டினாற்போல் கசப்போ, வெளிறிய சதையோ, கெட்டித் தோலோ தரும் மரபணு உட்கார்ந்திருந்தால் அதுவும் கூடவே வந்துகொண்டிருக்கும். அந்த இரண்டையும் பிரிக்கத்தான் ஆயிரக்கணக்கில் நாற்று வளர்க்கிறார்கள். நல்ல ரகத்தின் விதை விலை கூடுதலாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பொங்கோல் அம்மா ஒருவர்: நோய் எதிர்ப்பு ரகம் என்றால் மரபணு மாற்றியதா? பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?

தாராளமாகக் கொடுங்கள். கடையில் வாங்கும் முலாமும் தர்பூசணியும் மகரந்தம் மாற்றிக் கலந்து உருவானவைதான். விதையில்லாத் தர்பூசணியும் அப்படித்தான்.

உட்லண்ட்ஸ் வாசகர்: இலையில் தேமல், சுருக்கம். எந்த மருந்து அடிக்கலாம்?

அது பெரும்பாலும் வைரஸ். வைரஸுக்கு மருந்து கிடையாது. செடியைப் பிடுங்கிப் பையில் கட்டிப் போட்டுவிடுங்கள், பக்கத்துச் செடியாவது தப்பிக்கும். வைரஸை அசுவினி, வெள்ளை ஈ, இலைப்பேன் என்று பூச்சிகள் சுமந்து வருகின்றன.

முலாமில் வாட் என்று ஒரு மரபணு இருக்கிறது. பருத்தி அசுவினி செடியில் குடியேறிப் பெருகுவதைத் தடுப்பதோடு, அந்த அசுவினி கொண்டுவரும் வைரஸ்களையும் தடுக்கும். பூச்சிக்கும் வைரஸுக்கும் சேர்த்து ஒரே மரபணு வேலை செய்வதை முதல் முதலாகப் படித்தபோது எனக்கு நம்பவே முடியவில்லை. வேறொரு வகை எதிர்ப்பு இதற்கு நேர்மாறானது. வைரஸ் பெருகச் செடியின் ஒரு புரதத்தைக் கடன் வாங்குகிறது. அந்தப் புரதத்தின் வடிவம் மாறிய செடியில் வைரஸுக்குப் பிடிமானம் இல்லை. இப்படிப்பட்ட எதிர்ப்பு ஒடுங்கு குணம், எனவே அம்மா அப்பா இரு பக்கமும் இருந்தால்தான் பலன். வீரிய ஒட்டு விதை தயாரிப்பவர்களுக்கு அது இரட்டை வேலை.

அங் மோ கியோ வாசகர்: தீபாவளிக்கு ஊருக்குப் போகிறேன். அங்கே உள்ள வெள்ளரிப்பழ விதையைக் கொண்டுவரலாமா? நோய் தாங்கும் என்று அப்பா சொல்வார்.

உங்கள் அப்பா சொல்வது சரி. கோடையில் சாலையோரத்தில் வெடித்த நிலையில் விற்பார்களே, அந்த வெள்ளரிப்பழம் வெள்ளரி இல்லை, முலாமின் ஒரு வகை. மாவாக இருக்கும், சர்க்கரை போட்டால்தான் சாப்பிட முடியும் என்று நம்மவர்கள் ஒதுக்கிவைப்பார்கள். ஆனால் இந்தியாவில் சேகரித்த இந்த வகை முலாம்கள்தான் உலக முலாம் பயிருக்குப் பெரிய உதவி செய்திருக்கின்றன. அமெரிக்க விதைச் சேகரிப்பில் பிஐ 414723 என்ற எண்ணுள்ள இந்திய விதையில் அசுவினி எதிர்ப்பு, சாம்பல் நோய் எதிர்ப்பு, தேமல் வைரஸ் ஒன்றுக்கு எதிர்ப்பு எல்லாம் ஒன்றாக இருக்கின்றன. பிஐ 124111 என்ற இன்னொரு இந்திய முலாமிலிருந்து எடுத்த எம்ஆர்-1 என்ற வகை அடிச்சாம்பல் நோயை, அதாவது ஈரத்தில் இலையின் அடிப்புறம் பூசணம் படரும் வேறொரு நோயை, தாங்குகிறது. அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ ஒருவர் நோயில்லாத முலாம் சாப்பிடுகிறார் என்றால், அதில் நம் ஊர்த் தோட்டத்து விதையின் பங்கு இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. வீரிய விதை வந்த பிறகு அந்த நாட்டு விதைகளைப் பலர் கைவிட்டுவிட்டார்கள் என்பது எனக்கு உண்மையான வேதனை. அப்பாவை அந்த விதையை வருடா வருடம் போடச் சொல்லுங்கள்.

இங்கே கொண்டுவருவதற்கு முன் தேசியப் பூங்காக் கழகத்தின் விதிகளைக் கட்டாயம் பாருங்கள், தேவையான சான்றிதழை வாங்குங்கள். பாக்டீரியா பழ அழுகல் என்ற நோய் விதை வழியாகவே பயணம் செய்யும். அதை முழுதாகத் தாங்கும் வணிக ரகம் முலாமிலும் இல்லை, தர்பூசணியிலும் இல்லை. சட்டைப்பையில் பத்து விதைதானே என்று நினைக்காதீர்கள்.

பலர் கேட்டது: சரி, சிங்கப்பூருக்கு எந்த ரகம்?

ஒரு பெயரைச் சொல்வதைவிட இடத்தைக் கேட்பேன். தாழ்வாரம், கூரைக்குக் கீழ் என்றால் சாம்பல் நோய் எண்களைப் பாருங்கள். திறந்த பாத்தி என்றால் அடிச்சாம்பலும் தண்டில் பிசின் வடியும் நோயும்தான் பெரிய எதிரிகள். ஆண்டுக்குச் சுமார் 2,100 மி.மீ. மழை பெய்யும் ஊரில் இலை காயவே நேரம் கிடைப்பதில்லை. தர்பூசணிக்கு பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்க்கா மாணிக் நல்ல தேர்வு. சாம்பல், அடிச்சாம்பல், இலையிலும் காயிலும் புள்ளி விழும் ஆந்த்ராக்னோஸ் மூன்றையும் தாங்கும்படி உருவாக்கியது. தென்கிழக்காசிய வெப்பத்துக்கென்றே ரகம் செய்யும் நிறுவனங்களின் விதையை, குளிர் நாட்டு விதைக்கு முன்னால் பாருங்கள். எதிர்ப்பு இருந்தாலும் தண்ணீரைக் காலையில், வேரில் மட்டும் ஊற்றுங்கள்.

அதே தெம்பனீஸ் மாணவி: நானே தேர்ந்தெடுத்து விதை எடுக்கலாமா?

எடுக்கலாம் அம்மா. வீரிய ஒட்டு ரகத்தின் விதை அடுத்த தலைமுறையில் பலவிதமாகப் பிரியும், அதுவே உனக்குப் பாடம். தர்பூசணியில் ஆண் பூவும் பெண் பூவும் தனி. முலாமில் பெரும்பாலும் ஆண் பூவும் இருபால் பூவும் இருக்கும், கலப்பு செய்வதாக இருந்தால் இருபால் பூவின் மகரந்தப்பையை முந்தைய நாள் மாலையே எடுத்துவிடு. மறுநாள் காலை மகரந்தம் தடவி, பூவைக் காகித உறையால் மூடு, தேனீ வேறு மகரந்தம் கொண்டுவந்துவிடக் கூடாது. மருந்து அடிக்காதே, அடித்தால் எது தாங்கியது என்று தெரியாது. நோய் வந்த தேதி, எந்த இலையில் ஆரம்பித்தது, காய் எடுக்கும்போது எத்தனை இலை பச்சையாக இருந்தது என்று ஒவ்வொரு செடிக்கும் எழுதி வை. பழம் கொடியிலேயே முழுதாகப் பழுத்த பிறகு விதை எடு. முதல் சுற்றுக் குறிப்புகளை அனுப்பு, எந்தச் செடியை வைத்துக்கொள்ளலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.