விண்டோஸ் 11-க்கு மாறியதும் கணினி மந்தமாகிறதே, பழையதற்கே திரும்பிவிடலாமா?

ராயபுரத்தில் ஜெராக்ஸ் கடை நடத்தும் தாங்கள், விண்டோஸ் 10-இலிருந்து 11-க்கு மாறிய மறுநாளே கணினி மந்தமாகிவிட்டதாகக் கேட்டிருக்கிறீர்கள். மேம்படுத்தல் முடிந்த பின்னரும், கோப்புகளைத் தேடலுக்காக அட்டவணைப்படுத்தும் வேலையும் புதிய டிரைவர்களை (பிரிண்டர் போன்ற கருவிகளை இயக்கும் மென்பொருள்களை) இறக்கும் வேலையும் பின்னணியில் தொடர்வதால், தொடக்க நாள்களில் இவ்வாறு இருப்பது இயல்பே. கடையை மூடும்போது கணினியை அணைக்காமல் ஓரிரவு விட்டுப் பாருங்கள். நடுவுக்கு நகர்ந்துவிட்ட ஸ்டார்ட் பொத்தானை அமைப்புகளில் இடப்பக்கம் கொண்டுவரலாம். ரைட் கிளிக் பட்டியலில் காணாமல்போனவை, ஷிப்ட் விசையை அழுத்தியபடி ரைட் கிளிக் செய்தால் கிடைக்கும் (என் விரல்கள் இதற்கு இன்னும் பழகவில்லை). பழையதற்குத் திரும்பும் வசதி பொதுவாக 10 நாள்களுக்கே இருக்கும் என்பதால், தங்கள் தொழிலுக்கு உயிரான பிரிண்டரும் ஸ்கேனரும் ஒழுங்காக இயங்குகின்றனவா என்பதை அதற்குள் சோதித்துவிடுங்கள். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு (வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் உள்பட) 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால், பிரிண்டர் அறவே இயங்க மறுத்தாலொழியத் திரும்புவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.