‘நீதி’ கேட்டால் வகுப்பு முடிந்துவிடும்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

கதை வழியே தத்துவம் பேசுவது பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு, நான்காம் வகுப்பில் தவளையும் தேரையும் பிஸ்கட் தின்கிற கதையை வாசித்தேன். “இதிலிருந்து என்ன தெரியுது?” என்றேன். “பேராசை பெருநஷ்டம்!” என்று மொத்த வகுப்பும் கத்தியது. பத்தே நிமிடத்தில் முடிந்துவிட்டது. பிரான்சில் இதையே குடிமைக் கல்வி என்கிறார்களே, எப்படி?

ஒரு வாசகி

அன்புள்ள டீச்சருக்கு,

வகுப்பை முடித்துவைத்தது அந்தக் கேள்விதான். கதைக்கு அடியில் ‘நீதி’ என்று கோடு போட்டு எழுதிப் பழகிய பிள்ளைகள், டீச்சருக்குப் பிடித்த பதிலைத்தான் தேடும்.

அமெரிக்கச் சிறுவர் எழுத்தாளர் ஆர்னால்ட் லோபெலின் 1972-இல் வெளியான அந்தக் கதை நீதிக்குள் அடங்காது. தின்பதை நிறுத்த முடியாததால், பிஸ்கட்டைப் பெட்டியில் போட்டு, கயிறு கட்டி, ஏணி வைத்து உயரத்தில் ஏற்றுகிறது தவளை. ஏணியில் ஏறலாமே, கயிற்றை அறுக்கலாமே என்கிறது தேரை. கடைசியில் எல்லாம் பறவைகளுக்குப் போய்விட, நம்மிடம் மன உறுதி நிறைய இருக்கிறது என்கிறது தவளை. அந்த உறுதியை எல்லாம் நீயே வைத்துக்கொள், நான் வீட்டுக்குப் போய்க் கேக் செய்கிறேன் என்கிறது தேரை. பிஸ்கட்டே இல்லாதபோது தின்னாமல் இருப்பது மன உறுதியா? இதையும் நீங்கள் கேட்டுவிடாதீர்கள். பிள்ளைகளிடமிருந்து வரட்டும்.

வாசிப்புக்கு 8 நிமிடம். பிறகு இருவர் இருவராகச் சேர்ந்து ஒரு சீட்டில் ஒரு கேள்வி எழுதட்டும். திருத்தாமல் கரும்பலகையில் போடுங்கள். புத்தகத்தைப் புரட்டினாலே விடை கிடைக்கிற கேள்விகளை அவர்களே அடிக்கட்டும். மிச்சத்தில் ஒன்றைக் கைதூக்கித் தேர்ந்தெடுக்கட்டும். இதற்கு 7 நிமிடம். பேச்சுக்கு 20.

பிரான்சின் அறநெறி, குடிமைக் கல்விப் பாடத்திட்டத்தில் 2015 முதல் தத்துவ உரையாடலுக்கு இடம் உண்டு. அங்கே கல்வியியல் பேராசிரியர் மிஷெல் தொஸி வகுத்த முறையில் பிள்ளைகளுக்கே பொறுப்புகள் உண்டு. தலைவர் பேச்சு வரிசையைப் பார்த்துக்கொள்வார். அன்று தன் கருத்தைச் சொல்லமாட்டார். அதுவரை வாய் திறக்காதவர் கைதூக்கினால் அவருக்கே முதல் வாய்ப்பு. பேசப் பிடிக்காதவர் பேசாமலும் இருக்கலாம். திருப்பிச் சொல்பவர் வேலைதான் கடினம். அடுத்தவர் சொன்னதைத் தன் கருத்து கலக்காமல் சொல்லவேண்டும். “அவன் தப்பா சொல்றான்” என்றுதான் ஆரம்பிக்கும். உடனே, “நீ சொன்னது இதுதானா?” என்று பேசிய பிள்ளையிடமே கேளுங்கள். இல்லை என்றால் மறுபடி சொல்லட்டும். தொகுப்பவர் குறித்துக்கொண்டதைக் கடைசி 5 நிமிடத்தில் வாசிப்பார். நாற்பது பேர் இருந்தால் 12 பேர் உள்வட்டத்தில் போதும். மற்றவர்கள் கவனிப்பவர்கள், அடுத்த வாரம் மாற்றிக்கொள்ளலாம்.

கெடுவது பெரும்பாலும் நம் வாயால்தான். ஒரு “வெரிகுட்” போதும், அடுத்த பத்துப் பேரும் அதையே சொல்வார்கள். “ஏன்?”, “எப்பவுமே அப்படியா?” இந்த இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முடிவில் “சரியான விடை எது டீச்சர்?” என்று கட்டாயம் வரும். மணி அடித்துவிட்டது, அடுத்து கணக்கு என்று எழுந்துவிடுங்கள்.