வில் வேட்டைப் பருவத்தில் கிராஸ்போவை அனுமதிப்பதில் ஏன் இத்தனை சண்டை?

அமெரிக்க மாநிலங்களில் மான் வேட்டைக்குத் துப்பாக்கிப் பருவம் வேறு, வில் பருவம் வேறு. வில்லுக்குப் பெரும்பாலும் அதிக நாள் தருவார்கள், ஏனென்றால் அது கஷ்டம். மான் 30 கஜத்துக்குள் வர வேண்டும். வந்தாலும் நாணை இழுக்கும் அசைவைப் பார்த்தே ஓடிவிடும்.

கிராஸ்போ என்பது துப்பாக்கிக் கட்டையில் படுக்கவைத்த வில். நாணை முன்பே இழுத்து மாட்டிவிடலாம், அப்புறம் விசையை அழுத்தினால் போதும். கிணற்று வாளியை இழுத்துக் கையிலேயே பிடித்து நிற்பதற்கும், கயிற்றைத் தூணில் கட்டிவிட்டு நிற்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். "இதெல்லாம் வில்லா?" என்று பழைய வில்லாளிகள் கேட்பது அதனால்தான். நியாயமான கேள்விதான். ஆனால் சக்கரம் வைத்து இழுத்துப் பிடிப்பதை இலேசாக்கிய காம்பவுண்ட் வில் வந்தபோதும் இதையேதான் கேட்டார்கள்!

மாநிலங்களின் கணக்கு வேறு: பல இடங்களில் மான்கள் அதிகம், வேட்டைக்காரர்களுக்கோ வயதாகிறது. தோள்வலிக்காரரும் கிராஸ்போ பிடிக்கலாம். பென்சில்வேனியா 2009இல் வில் பருவத்தில் அனுமதித்தது; ஒரேகானில் கிராஸ்போ வேட்டைக்கே தடை.

துப்பாக்கி மாதிரி இருப்பதால் அதே தூரம் பாயும் என்று நினைக்க வேண்டாம். அம்பின் வேகம் சீக்கிரம் இறங்கிவிடும். மானை நம்பி அடிக்க 40, 50 கஜம்தான்.