குசாத்சுவில் எங்கே சாப்பிடுவது, எத்தனை மணிக்குச் சாப்பிடுவது: வாசகர் கேள்விகள்

பள்ளி விடுமுறை நெருங்கினாலே ஜப்பான் கேள்விகள் குவிந்துவிடும். இந்த முறை பெரும்பாலானவை ஒரே ஊரைப் பற்றியவை. கும்மா வட்டாரத்து மலையில், ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கும் குசாத்சு வெந்நீரூற்று ஊர். "எந்தக் கடை நல்ல கடை?" என்றுதான் எல்லாரும் கேட்கிறீர்கள். கடையின் பெயரைவிட அது எத்தனை மணிக்கு மூடும், சாறில் என்ன ஊறிக் கிடக்கிறது என்ற இரண்டும்தான் அங்கே உங்கள் வயிற்றைத் தீர்மானிக்கும்.

ரியோகான் விடுதியில் சாப்பாட்டோடு அறை எடுப்பதா, வெறும் அறை எடுத்துவிட்டு வெளியே சாப்பிடுவதா? விலை வித்தியாசம் மலைக்க வைக்கிறது. (செங்காங் வாசகர்)

இரண்டு இரவு தங்குவதாக இருந்தால் முதல் இரவுக்குச் சாப்பாட்டோடு எடுங்கள், இரண்டாவதற்கு வெறும் அறை போதும். முதலாவதை 'இப்பாக்கு நிஷோக்கு' என்பார்கள்: ஓர் இரவு, இரண்டு வேளைச் சாப்பாடு. வெறும் அறைக்குப் பெயர் 'சுதோமாரி'. பதிவு செய்யும்போது இந்த இரண்டு சொற்களையும் பார்த்து அழுத்துங்கள். விலை குறைவாக இருக்கிறதே என்று சுதோமாரியை எடுத்துவிட்டு, போய் இறங்கிய பிறகு சாப்பாடு கேட்பவர்கள் உண்டு. கிடைக்காது.

இரவுச் சாப்பாடு மாலை ஆறு, ஆறரைக்கே தொடங்கிவிடும். நமக்கு அது எம்ஆர்டியில் தொங்கிக்கொண்டு வரும் நேரம். ஒருமுறை தோக்கியோவின் உவேனோ நிலையத்தில் இரயிலைத் தவறவிட்டு, எட்டு மணிக்கு விடுதி வாசலில் போய் நின்றேன். வரவேற்ற அம்மையார் இடுப்பு வரை குனிந்து மன்னிப்புக் கேட்டார். ஆனால் சமையலறையில் விளக்கு அணைந்திருந்தது. பணம் கட்டிய பத்துத் தட்டுச் சாப்பாடு போய், அன்று இரவு எனக்கு வாய்த்தது கன்வீனியன்ஸ் கடைச் சோற்று உருண்டை இரண்டு. தவறு என்னுடையதுதான், யாரையும் குறை சொல்வதற்கில்லை. உவேனோவிலிருந்து நாகனோஹரா-குசாத்சுகுச்சி நிலையத்துக்கு விரைவு இரயிலில் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம், அங்கிருந்து பேருந்தில் 25 நிமிடம். மதியத்துக்குள் ஏறிவிட்டால் குளித்துவிட்டே சாப்பாட்டுக்கு உட்காரலாம்.

வெளியே சாப்பிடும் நாளில் பகல் சாப்பாட்டைப் பெரிதாக வைத்துக்கொள்ளுங்கள். நல்ல 'சோபா' நூடல்ஸ் கடைகள் பல, பிசைந்த மாவு தீர்ந்ததும் கதவைச் சாத்திவிடும். வாரத்தில் ஒரு நாள், சில கடைகளில் இரண்டு நாள், விடுமுறையும் உண்டு. இரவில் ஊர் நடுவே இருக்கும் யுபாத்தாகே எனும் வெந்நீரூற்றுத் திடலைச் சுற்றி விளக்குப் போட்டு அழகு செய்திருப்பார்கள், ஆனால் பல கடைகளில் அதற்குள் அடுப்பு அணைந்திருக்கும். நள்ளிரவில் தேக்கா பக்கம் போய் ரொட்டி பராட்டா சாப்பிட்டுப் பழகிய வயிறு இதற்கு ஒத்துக்கொள்ள ஒரு நாள் ஆகும்.

அம்மா சுத்த சைவம், முட்டையும் கிடையாது. அங்கே என்னதான் சாப்பிடுவார்? (ஈசூன் வாசகி)

ஜப்பானில் சைவத்துக்கு இடைஞ்சல் இறைச்சியைவிட 'தாஷி' எனும் அடிப்படைச் சாறுதான். அதற்குக் கட்சுவோபுஷி போடுவார்கள். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், அது நம் மாசிக் கருவாட்டின் உடன்பிறப்பு. அதே சூரை மீனைக் காய வைத்து, கட்டையாக்கி, சீவிப் போடுவது. மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) சூப், நூடல்ஸ் சாறு, வேகவைத்த காய்கறி, கீரை எல்லாவற்றிலும் அது கரைந்திருக்கும். "மீன் இல்லையே?" என்று கேட்டால் கடைக்காரர் "இல்லை" என்பார். அவர் பொய் சொல்லவில்லை, அவரைப் பொறுத்தவரை தட்டில் தெரிவதுதான் மீன். ஒரு கடையில் காய்கறி மட்டும் என்று மூன்று முறை சொல்லி வாங்கிய கிண்ணத்தின் மேல், சீவிய மீன் சூட்டில் நெளிந்துகொண்டிருந்தது. அலங்காரமாம்.

அதனால் "சைவம்" என்று சொல்லாதீர்கள். இறைச்சி, மீன், முட்டை, மீன் போட்ட தாஷி எதுவும் ஆகாது, 'கொம்பு' எனும் கடற்பாசியும் காளானும் போட்ட தாஷி ஆகும் என்று ஜப்பானிய மொழியில் ஓர் அட்டையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ரியோகானுக்கு இதைப் பதிவு செய்யும்போதே அனுப்பிவிட வேண்டும். போய் இறங்கி மாலையில் சொன்னால் அவர்களால் மாற்ற முடியாது, சாறு காலையிலேயே காய்ச்சி வைத்தாகிவிடும். சில விடுதிகள் "முடியாது" என்று பதில் போடும். அதையும் நல்லதாகவே எடுத்துக்கொள்ளுங்கள், வேறு விடுதி பார்க்க நேரம் இருக்கும்.

தெருவில் அம்மாவுக்கு வாங்கித் தரக்கூடியவை உண்டு. முதலில் கொன்யாக்கு. ஒரு கிழங்கு மாவில் செய்த சாம்பல் நிறக் கட்டி, பல்லில் வழுக்கும், தனக்கென்று ருசி ஒன்றும் இல்லை. ஜப்பானின் கொன்யாக்குக் கிழங்கில் 90 விழுக்காட்டுக்கு மேல் விளைவது இந்தக் கும்மாவில்தான். குச்சியில் குத்தி, சூடாக மிசோ தடவித் தருவார்கள். குளிரில் நின்று தின்றால் ருசி வந்துவிடும்! அடுத்து ஒன்சென் மஞ்சு ('ஒன்சென்' என்றால் வெந்நீரூற்று). பழுப்புச் சர்க்கரை மாவுக்குள் சிவப்புப் பயற்றுப் பூரணம் வைத்து ஆவியில் வேகவைத்தது. நம் பூரணக் கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம். யுபாத்தாகேயிலிருந்து சைனோகவாரா பூங்காவுக்குப் போகும் ஒடுக்கமான தெருவில் ஆவி பறக்க அடுக்கி வைத்திருப்பார்கள். வாங்கும் கடையில் முட்டை சேர்ப்பதுண்டா என்று மட்டும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். மலைப்பகுதியில் விளையும் பெரிய 'ஹனமாமே' அவரையைச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்து விற்கிறார்கள், வயதானவர்களுக்குப் பிடிக்கும்.

மைதாக்கே காளான் தெம்புரா இந்த ஊரில் பலரும் தேடிப்போய்ச் சாப்பிடுவது. ஆனால் மாவில் முட்டை கலப்பதுண்டு, பொரித்த எண்ணெயில் இறாலும் பொரிந்திருக்கும். அம்மாவுக்கு வேண்டாம். முட்டை சாப்பிடுகிற, எண்ணெயைப் பெரிதுபடுத்தாத நீங்கள் சாப்பிடலாம். தொட்டுக்கொள்ளும் சாறை ஒதுக்கிவிட்டு 'ஷியோ' என்று கேளுங்கள், உப்பு தருவார்கள்.

ஒன்சென் முட்டை என்கிறார்களே, செம்பாவாங்கில் நாம் அவிப்பதுதானே? (பொங்கோல் வாசகர்)

கொள்கை ஒன்றுதான், பக்குவம் வேறு. முட்டையின் மஞ்சள் கரு 65 முதல் 70 பாகையில் இறுகத் தொடங்கிவிடும். வெள்ளைக் கரு முழுக்கக் கெட்டியாக 80 பாகை வேண்டும். அந்த இடைவெளியில், 65க்கும் 70க்கும் நடுவே அரை மணி நேரம் விடாமல் வைத்திருந்தால் மஞ்சள் மெழுகு போல் நிற்கும், வெள்ளை தளதளவென்று நுங்கு போல் இருக்கும். கோப்பிக்கடையில் காயா ரொட்டியோடு வரும் அரைவேக்காட்டு முட்டையை அப்படியே தலைகீழாக்கிப் பாருங்கள்.

செம்பாவாங் ஊற்றும் 70 பாகை அளவில்தான் வருகிறது. ஆனால் நாம் வாளியில் பிடித்து வைக்கிறோம், பிடித்த நிமிடத்திலிருந்து தண்ணீர் ஆறிக்கொண்டே போகிறது. பூங்கா 2020இல் மறுபடி திறந்த புதிதில் ஒரு தட்டு முட்டையோடு போய், பாதியை உடைத்துக் கீழே ஊற்றிவிட்டு வந்தேன். சூடான தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றினால்தான் சரியாக வரும். குசாத்சுவில் அந்த வேலையெல்லாம் வேண்டாம், அவித்து வைத்ததை வாங்கிச் சிறு கிண்ணத்தில் உடைத்துக் குடிக்க வேண்டியதுதான். கூடத் தரும் பழுப்புச் சாற்றில் தாஷி இருக்கும். சாறு வேண்டாம் என்பவர்கள் இங்கிருந்து மிளகுத்தூளும் உப்பும் கொண்டு போங்கள்.

டிப்ஸ் எவ்வளவு வைக்க வேண்டும்? (புக்கிட் பாத்தோக்)

வைக்காதீர்கள். மறந்துவிட்டீர்கள் என்று நினைத்துத் தெரு வரை ஓடிவந்து திருப்பிக் கொடுப்பார்கள்.

மகனுக்கு 19 வயது, தேசிய சேவையில் இருக்கிறான். குளித்துவிட்டு அப்பாவும் மகனும் ஒரு பியர் குடிக்கலாம் என்று திட்டம். (தெம்பனிஸ்)

அப்பா குடிக்கலாம். சிங்கப்பூரில் 18 ஆனால் போதும், ஜப்பானில் மது அருந்த 20 வயது ஆகியிருக்க வேண்டும். மகனுக்குக் கண்ணாடிப் புட்டியில் வரும் காப்பிப் பால் வாங்கிக் கொடுங்கள். குளியலறையிலிருந்து வெளியே வந்ததும் இடுப்பில் கை வைத்து அதைக் குடிப்பது அங்கே ஒரு மரபு, கேலிக்குச் சொல்லவில்லை.

நீங்களும் குளித்த பிறகு குடியுங்கள், முன்னால் வேண்டாம். சூட்டில் இரத்த அழுத்தம் இறங்கும், போதையும் சேர்ந்தால் மயக்கம் போட்டு விழும் ஆபத்து உண்டு. இஸகாயா மதுக்கடையில் உட்கார்ந்ததும் கேட்காமலே ஒரு சின்னக் கிண்ணத்தில் ஏதோ வரும். அதற்குப் பெயர் 'ஒத்தோஷி', அது இலவசம் அல்ல, உட்காரும் கட்டணம் மாதிரி. பில்லில் 300, 400 யென் கூடுதலாக இருந்தால் சண்டைக்குப் போகாதீர்கள்.

நாங்கள் முஸ்லிம் குடும்பம். பன்றி இறைச்சியைத் தவிர்த்தால் போதுமா? (ஜூரோங் வாசகி)

போதாது. மிரின் என்ற இனிப்பு மதுவும் சாக்கே என்ற அரிசி மதுவும் பளபளப்பான எல்லாச் சாறிலும் இருக்கும். தெரியாக்கி, சுக்கியாக்கி, விலாங்கு மீன் மேல் தடவும் சாறு எல்லாம் இதில் அடக்கம். சிற்றூரில் நான் நம்புவது 'ஷியோயாக்கி': ஆற்று மீனை முழுசாகக் குச்சியில் கோத்து, உப்பு மட்டும் தடவிக் கனலில் சுடுவது. அயு, இவானா இரண்டும் நன்றாக இருக்கும். சோறும் அதுவும் போதும், ஒரு வேளை முடிந்தது. காய்கறிக் கறி என்று எழுதிய ஜப்பானியக் கறியைத் தொடாதீர்கள், கறிக் கட்டியிலேயே மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ சேர்ந்திருக்கும். மேலே கேட்ட ஈசூன் வாசகியின் அம்மாவுக்கும் இது பொருந்தும்.

ஊற்றுத் தண்ணீரைக் குடித்தால் உடம்புக்கு நல்லதா? (பிடோக்)

குசாத்சு தண்ணீரை வேண்டாம். அதன் பிஎச் ஏறக்குறைய 2, எலுமிச்சைச் சாறு அளவுக்குப் புளிப்பு. அந்த ஊர் ஆற்றில் இரும்பே அரித்துப் போகிறது என்று 1964 முதல் சுண்ணாம்பு கரைத்து ஊற்றி வருகிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். 'குடிக்கலாம்' என்று எழுதிப் போட்ட குழாய் இருந்தாலொழிய எந்த வெந்நீரூற்றிலும் வாய் வைக்காதீர்கள். இன்னொன்று: கந்தகத்தில் வெள்ளி கறுத்துவிடும். காசு வெள்ளியைச் சொல்லவில்லை, கால் மெட்டியையும் கொலுசையும் அறையிலேயே கழற்றி வைத்துவிடுங்கள்.

ஆறு வயதுப் பையன், தயிர்ச்சோறு தவிர எதையும் தொடமாட்டான். இங்கிருந்து என்னவெல்லாம் கொண்டு போகலாம்? (உட்லண்ட்ஸ் வாசகி)

பச்சைக் கறிவேப்பிலை வேண்டாம். பழம், காய் வேண்டாம். சைனாடவுனில் வாங்கிய பக்குவாவும் கூடாது, இறைச்சிப் பொருள் எதையும் விமான நிலையத்தில் பிடித்துவிடுவார்கள். பருப்புப் பொடி, பூண்டுப் பொடி, புட்டியில் அடைத்த ஊறுகாய், புளிக்காய்ச்சல் இதெல்லாம் போகலாம். ஊறுகாய்ப் புட்டியை இரண்டு பிளாஸ்டிக் பையில் கட்டிப் பெட்டியில் போடுங்கள், கைப்பையில் வேண்டாம்.

தயிருக்குக் கவலையே இல்லை. கன்வீனியன்ஸ் கடையில் சர்க்கரை போடாத தயிர் 400 கிராம் டப்பாவில் கிடைக்கும். 'புரேன்' என்று எழுதியிருப்பதைப் பாருங்கள், பக்கத்திலேயே இனிப்புத் தயிர் அதே நிறத்தில் இருக்கும். வெந்த சோறும் தட்டுப் பொட்டலத்தில் விற்கிறார்கள். கல்லாவில் கொடுத்தால் மைக்ரோவேவில் சூடாக்கித் தருவார்கள், இரண்டு நிமிடம். ஜப்பானிய அரிசி ஒட்டும், அதனால் கரண்டியால் முதலில் நன்றாக மசித்துவிட்டு, கொஞ்சம் வெந்நீர் தெளித்து, ஆறிய பிறகு தயிரைச் சேருங்கள். உப்பு அளவு அம்மாவுக்குத் தெரியும். ரியோகான் சாப்பாட்டுக் கூடத்துக்கு மட்டும் இதைக் கொண்டு போகாதீர்கள், அறையிலேயே ஊட்டிவிட்டுக் கூட்டிப் போங்கள். ஊறுகாய்ப் புட்டியை ஜன்னல் பக்கம் வைத்துத் திறங்கள். தத்தாமி பாயில் ஒரு சொட்டு எண்ணெய் பட்டால் போகாது.